சூடேறும் கைப்பிடி

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அதே கைப்பிடியைக் காசு கொடுத்துச் சூடாக்குகிற மனிதர்களும் இந்தப் பூமியில் இருக்கிறார்கள் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். வேப்பமர நிழலைத் தேடி நிறுத்துவதும், இருக்கையின் மீது பழைய சாக்கைப் போடுவதுமே நமக்குத் தெரிந்த பராமரிப்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி தேடி இரண்டு சக்கரங்களில் அலைந்தவன் நான். என் தொழிற்காலம் முழுவதிலும் கைப்பிடியைப் பற்றி நான் சிந்தித்தது, அதன் றப்பர் தேய்ந்து கையில் கறுப்பு ஒட்டியபோது மட்டுமே.

2023 ஜனவரியில் இலண்டனில், ஹரோவில் உள்ள என் தங்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். தங்கையின் மகனுக்கு ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகில் ஒரு பண்டகசாலையில் வேலை. காலை ஐந்தரைக்கு முறை தொடங்கும். அந்த நேரத்துக்குப் பேருந்தில் போவதானால் இரண்டு பேருந்து மாறி, மூன்றரை மணிக்கே எழும்ப வேண்டும். ஆகவே 125 சீ.சீ. மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்துப் பலகையை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். அங்கே ஒரு நாள் அடிப்படைப் பயிற்சியை முடித்தவர்களுக்கு இந்த அளவு இயந்திரத்தை இரண்டு ஆண்டுகள் ஓட்ட அனுமதி உண்டு. வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குப் பத்து மைல். இருட்டு, ஈரம், இரண்டு மூன்று பாகைக் குளிர்.

ஒவ்வொரு நாளும் அவன் திரும்பி வரும்போது நான் கவனித்த ஒரு காட்சி உண்டு. கதவைத் திறந்து உள்ளே வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டான். தாடைக்குக் கீழே உள்ள கொளுவியை அழுத்தி விடுவிக்க அவனுடைய விரல்களால் முடியாது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, தலைக்கவசத்தோடு குசினியின் நடுவே நிற்பான். தங்கை வந்து கழற்றிவிடுவாள். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்குத் தாய் தொப்பி கழற்றுகிற அந்தக் காட்சியில் சிரிப்பதற்கும் இடம் இருந்தது. முதல் நாள் நாங்கள் சிரித்தும் இருக்கிறோம்.

கைப்பிடியைச் சூடாக்கும் பொருள் ஒன்று கடைகளில் இருக்கிறதாமே என்று நான் கேட்டபோது அவன் சொன்ன பதில் இது: “இது என்ன மாமா, இந்தக் காசுக்கு அப்பம்மா வீட்டுக்கு எத்தனை தகரம் வாங்கலாம் தெரியுமே? குளிர் பழகிப் போகும்.”

கிளிநொச்சியில் உள்ள அவனுடைய அப்பம்மாவின் வீட்டுக் கூரைக்கு அவன் மாதாமாதம் காசு சேர்க்கிறான் என்பது எனக்குத் தெரியும். அது நல்ல விடயம். ஆனால் அவனுடைய பதிலில் நம்மவர்களின் நீண்டகாலப் பழக்கமொன்றும் ஒளிந்திருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த தலைமுறை, குளிரைத் தாங்குவதை ஒரு தகுதிச் சான்றிதழாகவே வைத்திருந்தது. வெப்பமூட்டியைப் போடாமல் போர்வைக்குள் முடங்கிக் கிடந்த கதைகளையும், துளைவிழுந்த சப்பாத்தோடு பனியில் நடந்த கதைகளையும் அவர்கள் பெருமையோடு சொல்வார்கள். தனக்கென்று செலவழிக்கிற பணம் ஊரில் யாரோ ஒருவரின் வாயிலிருந்து பிடுங்கிய பணம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது. அதைக் குறைசொல்ல நான் யார்? அந்தப் பணத்தில் எழும்பிய வீடுகளுக்குள் இருந்துதான் என்னைப் போன்றவர்கள் எழுதினோம். ஆனாலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனின் கைகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதை அவனுக்கு விளங்கவைக்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வளவில் நின்ற அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன் மட்கார்ட்டின் நுனி வெடித்துக் கோணிக் கிடப்பதைக் கண்டேன். கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். முதல் வாரம் ஒரு சந்தியில் முன்னால் போன வான் சடுதியாக நின்றதாம். பிறேக்கைப் பிடித்தானாம். “பிடிச்சனான் மாமா, ஆனா எவ்வளவு பிடிச்சனான் எண்டு எனக்குத் தெரியேல்லை” என்றான். வானின் பின்பக்கத்தில் மெல்ல முட்டியதோடு போயிற்று. வான்காரன் இறங்கி வந்து பார்த்துவிட்டு, தன் வாகனத்தில் கீறல் எதுவும் இல்லையென்று கண்டு போய்விட்டானாம். “அம்மாவிட்ட ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ” என்று கேட்டுக்கொண்டான். நான் சொல்லவில்லை. என் தங்கை என் எழுத்துகளைப் படிக்கிற வழக்கம் உள்ளவள் அல்லள் என்ற துணிவில்தான் இங்கே எழுதுகிறேன்.

“எவ்வளவு பிடித்தேன் என்று தெரியவில்லை” என்ற அந்த வாக்கியத்தைச் சற்று விளக்க வேண்டும். விரல்களை மடக்குகிற பெரிய தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுகள் போல விரலுக்கு ஓடுகின்றன. ஆகவே மேற்சட்டைக்குள் முன்கை சூடாக இருக்கும்வரை விரல்கள் மடங்கும். ஆனால் தொடுகையை அறிகிற நரம்பு முனைகள் விரல் நுனியில், குளிரின் நேர் எதிரே இருக்கின்றன. தோலின் வெப்பம் 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது விரல்களின் நுட்பம் குறையத் தொடங்குகிறது. இன்னும் இறங்கினால் தொடுவுணர்வே மரத்துப்போகும். உடல் இதைத் தெரிந்துதான் செய்கிறது. குளிர் கண்டதும் இதயத்தையும் குடலையும் காப்பதற்காகக் கைகால்களின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. சிலருக்கு இந்தச் சுருக்கம் அளவுமீறி, விரல்கள் வெண்ணிறமாகிச் செத்தவை போலத் தோன்றும். 1862இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மொறிஸ் றேனோவின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. நம்முடைய விடயத்தில் அந்த அளவுக்கு நோய் எதுவும் தேவையில்லை. மோட்டார் சைக்கிளின் வலக்கையில் அக்சிலேற்றரும் முன் பிறேக்கும் இருக்கின்றன. வண்டியை நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி அந்த முன் பிறேக்கில்தான். கூடுதலாக இறுக்கினால் ஈரத்தெருவில் முன்சக்கரம் வழுக்கும். குறைவாக இறுக்கினால் வண்டி நிற்காது. இடைப்பட்ட அந்த அளவை அறிந்து சொல்வது விரல் நுனி ஒன்றுதான்.

இதோடு காற்றும் சேர்கிறது. அந்தாட்டிக்காவில் தங்கியிருந்த போல் சைப்பிளும் சார்ள்ஸ் பாசலும் நீர் நிரப்பிய ஒரு சிறு உருளையைக் காற்றில் தொங்கவிட்டு, அது எவ்வளவு விரைவில் உறைகிறது என்று அளந்து, 1945இல் வெளியிட்ட கணக்கே காற்றுக்குளிர் அளவீட்டின் தொடக்கம். 2001இல் கனடாவும் அமெரிக்காவும் அதைத் திருத்திப் புதிய சூத்திரத்தை ஏற்றன. அந்தச் சூத்திரத்தில் 2 பாகை வெப்பநிலையையும் மணிக்கு 50 கிலோமீற்றர் காற்றையும் போட்டால் மைனஸ் 5 என்று விடை வருகிறது. மூடாத முகத்துக்காக வகுத்த கணக்கு அது. கையுறை போட்ட கைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் திசை தெரிகிறது. தெருவில் நிற்பவனுக்கு 2 பாகையாக இருக்கிற காலைப்பொழுது, ஓட்டுபவனுக்கு உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. அவனுக்கு முன்னால் அந்தக் காற்றை முதலில் வாங்குபவை இரண்டு கைகளும்தான்.

இவ்வளவையும் நான் மருமகனுக்குச் சொல்லவில்லை. ஒரு கணக்கை மட்டும் கடதாசியில் எழுதிக் காட்டினேன். மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். விரல் ஒரு செக்கன் பிந்தினால் வண்டி 14 மீற்றர் பிந்தி நிற்கும். அரைச் செக்கன் பிந்தினால் 7 மீற்றர். அந்த வானுக்கும் உனக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்று கேட்டேன். கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

வேறு வழிகளும் உண்டு. உணவு விநியோகிக்கும் பையன்கள் ஸ்கூட்டர்களின் கைப்பிடியைச் சுற்றி யானைக்காது போன்ற பெரிய உறைகளைக் கட்டி, அவற்றுக்குள் கையை நுழைத்து ஓட்டுவதை இலண்டன் தெருக்களில் எங்கும் காணலாம். மலிவானது, மின்சாரம் வேண்டாம், காற்றை முற்றாகத் தடுக்கும். என் தனிப்பட்ட அபிப்பிராயத்தில் முதலில் யோசிக்க வேண்டியது அதுதான். ஆனால் சமிக்ஞை விளக்கின் பொத்தான் எங்கே இருக்கிறது என்று உள்ளே தடவவேண்டி இருக்கும். விழுந்தால் கை சட்டென்று வெளியே வராது என்று அவன் பயந்தான். மின்னால் சூடாகும் கையுறைகளும் உள்ளன. அவை விரலின் புறப்பக்கத்தையும் சூடாக்கும் என்பது உண்மை. ஆனால் சட்டைக்குள்ளால் வயர் ஓட வேண்டும், அல்லது தினமும் மின்னேற்ற வேண்டும். இருபது மணி நேர நாளில் உறக்கத்துக்கே நேரம் போதாதவனுக்கு அதையும் சேர்க்க முடியாது. தடித்த கையுறையோ பிறேக்கின் உணர்வை மேலும் மங்கவைக்கும். எஞ்சியது கைப்பிடி.

அருகிலுள்ள ஒரு திருத்தகத்தில் விசாரித்தோம். பொருளின் விலையைவிடப் பொருத்தும் கூலி அதிகம் என்றார்கள். கேட்டதும் மருமகனின் முகத்தில் மீண்டும் தகரக் கூரை தெரிந்தது. நாமே பொருத்துவோம் என்றேன். ஒரு செய்தியாளனுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் எல்லோருமே அரைகுறை மெக்கானிக்குகள்தாம். இயந்திரத்தை எழுப்புவதற்குச் சில துளி பெற்றோலைப் பீச்சிவிட்டு, எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெண்புகை கக்க ஓடிய மோட்டார் சைக்கிள்களை அன்று வைத்திருந்தவன், பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரியாமல் ஒரு நாளும் வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டான்.

மின்சாரக் கணக்கையும் அந்தக் காலமே கற்றுத் தந்தது. ரோர்ச் லைற் பற்றறிகள்கூடத் தடைப்பட்டியலில் இருந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொடுத்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் பீ.பீ.சி. தமிழோசை கேட்போம். மிதிக்கிறவர் களைத்து வேகத்தைக் குறைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். முக்கியமான வசனம் வரும்போதுதான் அது பெரும்பாலும் நடக்கும். மோட்டார் சைக்கிளின் மின்பிறப்பாக்கியும் அதே சாதிதான். இயந்திரம் வேகமாகச் சுழலும்போது மின் தாராளமாக வரும். சிவப்பு விளக்கில் நின்று மெல்ல உறுமும்போது வடிந்துவிடும். பெரிய வண்டிகளுக்கு இது ஒரு பொருட்டல்ல. 125 சீ.சீ. வண்டியில் ஒவ்வொரு வாற்றையும் எண்ணவேண்டும்.

நாங்கள் வாங்கிய கைப்பிடிகள் முழுச் சூட்டில் ஏறத்தாழ 4 அம்பியர் எடுப்பவை. 12 வோல்ற்றில் அது 48 வாற்று. அணைக்க முடியாதபடி எப்போதும் எரிகின்ற முன்விளக்கைவிடக் கூடுதல். வண்டியின் பற்றறியோ 6 அம்பியர் மணி. இயந்திரத்தின் உதவி இல்லாவிட்டால் காகிதக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்தில் அது வெறுமையாகும். குளிரில் பற்றறியின் வலு குறையும் என்பதால் உண்மையில் அதைவிட மிக முன்னதாகவே இயந்திரத்தை எழுப்ப மறுத்துவிடும். இதனால் இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, சாவியைத் திருப்பினால் மட்டுமே கைப்பிடிக்கு மின் போக வேண்டும். பற்றறியிலிருந்து நேரே வருகிற வயரில் பற்றறிக்கு அருகிலேயே ஒரு பியூசை வைத்து, இடையில் ஒரு றிலேயைப் பொருத்தி, அந்த றிலேயைத் திறக்கும் மின்னைப் பின்விளக்கு வயரிலிருந்து எடுத்தோம். பின்விளக்கு வயரிலேயே முழுப் பாரத்தையும் ஏற்றுகிறவர்கள் உண்டு. மெல்லிய அந்த வயர் ஒரு நாள் சூடாகிக் கருகும். கைப்பிடிக்குப் பதிலாக இருக்கை சூடேறும். மற்றது, வோல்ற்று ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால் தானாகவே அணைந்துவிடுகிற சுவிச். எங்களுடைய சுவிச்சில் அது இருந்தது. இல்லாததை வாங்காதீர்கள்.

வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. பழைய கைப்பிடிகளைக் கத்தியால் நீளவாக்கில் கீறிச் சப்பாத்தைக் கழற்றுவது போலக் கழற்றினோம். இடப்பக்கம் வெறும் இரும்புக் குழாய். வலப்பக்கம் அந்தக் குழாயின் மேல் சுழலுகிற பிளாஸ்ரிக் குழல். அதன் மேற்பரப்பில் றப்பர் வழுக்காதிருக்க வரிவரியாக மேடுகள். புதிய கைப்பிடி அதன்மேல் ஏறாது. மேடுகளை அரத்தால் தேய்த்து மழிக்கவேண்டி இருந்தது. மருமகன் பொறுமையாகத் தேய்த்தான். புதிய கைப்பிடிகள் குளிரில் கல்லாக இருந்தன. ஆகவே முதலில் வயரைக் கொடுத்து அவற்றைச் சில நிமிடம் சூடாக்கினோம். இளகிய பின் பசையைத் தடவி ஒரே தள்ளில் ஏற்றினோம். அந்தப் பசை இறுகச் சில செக்கன்களே எடுக்கும். அதற்குள் சரியான கோணத்தில் நிறுத்தியாக வேண்டும்.

கோணம் என்பது அழகுக்காகச் சொல்லப்பட்டது அன்று. வலக் கைப்பிடியிலிருந்து வெளியே வருகிற வயரும் அக்சிலேற்றரோடு சேர்ந்து சுழலும். அது பிறேக் லீவரிலோ கண்ணாடித் தண்டிலோ சிக்கினால், முறுக்கிய அக்சிலேற்றர் திரும்பி வராது. நிறுத்தவேண்டிய இடத்தில் வண்டி பாயும். சூடான கையோடு வானுக்குள் போய்ச் செருகுவதற்காகவா இவ்வளவு பாடு? ஆகவே முறுக்கி விட்டு, அது தானாகவே ‘டக்’ என்று திரும்புகிறதா என்று பலமுறை பார்த்தோம். கைப்பிடியின் நுனிக்கும் குழாயின் முனையில் உள்ள குமிழுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டோம். பின்னர் இயந்திரத்தை எழுப்பி, ஹாண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, அதன் உறுமல் கூடுகிறதா என்று காது கொடுத்தோம். முதல் தடவை வலக்கோடியில் கொஞ்சம் கூடியது. வயரைத் தளர்த்தி மறுபடியும் கட்டினோம். இந்தப் பரிசோதனைக்கு மட்டும் ஒரு மணி நேரம் செலவாகியிருக்கும். எனக்கு அது வீணாகத் தோன்றவில்லை. தங்கை இரண்டு தடவை இஞ்சித் தேநீரோடு வந்து, எங்கள் இருவரையும் வண்டியையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். மட்கார்ட்டின் நுனியை நான் காலால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

இங்கிலாந்தில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வாகனத்தில் எந்த மாற்றம் செய்தாலும் காப்புறுதிக்காரருக்கு அறிவிக்க வேண்டும். கைப்பிடியும் அதில் அடங்கும். மருமகன் தொலைபேசியில் சொன்னான். கட்டணம் எதுவும் கூட்டவில்லை.

திங்கட்கிழமை அதிகாலை அவன் புறப்பட்டபோது நானும் விழித்திருந்தேன். தங்கை வழக்கம்போல யன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவோரக் கார்களின் கண்ணாடிகளில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. ஐந்தரைக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் என் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: “பத்து விரலும் இருக்குது மாமா.”

அதற்குப் பின் சில வாரங்கள் அந்தக் கைப்பிடிகளை அவன் ஆராய்ந்து எனக்கு அறிக்கை தந்துகொண்டிருந்தான். முதல் ஐந்து நிமிடம் முழுச் சூட்டில் வைத்துப் பின் பாதிக்குக் குறைப்பதே நல்லது. உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாக உள்ள கையுறையே பொருத்தம். தடித்தது போட்டால் சூடு கைக்கு வராமல் கையுறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இடக் கைப்பிடி எப்போதும் சற்று ஆறியே இருக்கிறது. இரும்புக் குழாய் அதன் சூட்டை உறிஞ்சுகிறது; வலப்பக்கத்தில் பிளாஸ்ரிக் குழல் குறுக்கே நின்று காக்கிறது. விரல்களின் வெளிப்புறத்துக்குக் காற்று அடிப்பது அடிக்கிறதுதான். அதற்காகப் பின்னர் லீவர்களுக்கு முன்னால் இரண்டு பிளாஸ்ரிக் தடுப்புகளைப் பூட்டினான். அவற்றை என்னிடம் கேட்காமலேயே, கூரைக் கணக்கையும் சொல்லாமலேயே வாங்கியிருந்தான்.

இப்போது வீட்டுக்கு வந்ததும் தலைக்கவசத்தைத் தானே கழற்றுகிறான். சப்பாத்தைக் கழற்றத்தான் பிந்துகிறது. கால்விரல்களுக்கு வழி கேட்டு எழுதியிருக்கிறான். அந்தச் சிறிய பற்றறியில் இனி ஒரு வாற்றும் மிச்சம் இல்லையாதலால், இரண்டு சோடி கம்பளிக் காலுறைகளுக்கு இடையில் செய்தித்தாளைச் சுற்றிப் போடும்படி பதில் அனுப்பியுள்ளேன்.